முதல் நூறு வெள்ளி எங்கே போகவேண்டும்? நெகிழியும் ஹார்மோனும் ஆண்களின் உடல்நலமும்

கையில் இருப்பது நூறு வெள்ளி. வயது முப்பத்தெட்டு. சில மாதங்களாகப் படுக்கையறையில் பழைய ஈடுபாடு இல்லை. இரண்டாவது குழந்தைக்கான முயற்சியும் கூடிவரவில்லை. கைப்பேசியைத் திறந்தால் நெகிழி டப்பாவும் ஆண்மைக்குறைவும் பற்றிய காணொளிகள். இந்த நிலையில் இருக்கும் ஒருவருக்கு இன்று பினாங்கில் ஐந்து வழிகள் சொல்லப்படுகின்றன. சமையலறை நெகிழியை எல்லாம் ஒழித்துவிட்டுக் கண்ணாடிக்கும் எவர்சில்வருக்கும் மாறலாம். 'பிபிஏ இல்லாதது', அதாவது பிஸ்பினால்-ஏ என்ற வேதிப்பொருள் சேராதது, என்று அச்சிட்ட புதிய டப்பாக்களை வாங்கலாம். மாதத் தவணையில் தண்ணீர் வடிகட்டி எடுக்கலாம். தொங்காட் அலி மூலிகை மாத்திரையையோ டெஸ்டோஸ்டிரோன் ஊசியையோ நாடலாம். அல்லது கிளினிக்குக்குப் போய் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கலாம்.

நான் பட்டர்வொர்த்தில் ஒரு மருந்தகத்தில் வேலை பார்ப்பவன். பெரும்பாலோர் மாத்திரையைத்தான் முதலில் கேட்டு வருகிறார்கள். ரத்தச் சோதனையைக் கடைசிவரை தள்ளிப்போடுகிறார்கள். இந்த வரிசை தலைகீழாக மாறவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்காக நெகிழியைப் பற்றிய பயத்தை வீண்பயம் என்று தள்ளிவிட முடியாது. ஆதாரம் இருக்கிறது. அது எதற்கான ஆதாரம், எவ்வளவு வலுவானது என்று பார்த்துவிட்டால் பணத்தைப் பிரிப்பது எளிது.

பயத்துக்கு என்ன ஆதாரம்?

பிஸ்பினால்-ஏ முதன்முதலில் 1891-ல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது. 1930களில் இங்கிலாந்தின் சார்லஸ் டாட்ஸ், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல வேலை செய்யும் செயற்கைப் பொருள்களைத் தேடியபோது இதையும் சோதித்தார். அந்தக் குணம் இதற்கு இருப்பதைக் கண்டார். இதைவிட வீரியமான வேறு பொருள் கிடைத்ததால் மருந்து உலகம் இதைக் கைவிட்டது. 1950களில் நெகிழித் தொழில் இதைக் கையில் எடுத்தது. கெட்டியான, கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் குடுவை, உணவு டின்னின் உள்பூச்சு, கடையில் தரும் பளபளப்பான ரசீது என்று எங்கும் பரவியது. ஹார்மோன் குணம் உள்ளது என்று முன்பே தெரிந்த ஒரு பொருள் நம் சாப்பாட்டோடு ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

இன்னொரு பெரிய குடும்பம் தாலேட்டுகள். பிவிசியை வளைந்துகொடுக்கச் செய்வதும், வாசனைத் திரவியத்தின் மணத்தை நீடிக்கச் செய்வதும் இவற்றின் வேலை. இவை பெண் ஹார்மோனைப் போல நடிப்பதில்லை. விரைகளில் டெஸ்டோஸ்டிரோன் உருவாவதையே குறைக்கின்றன என்று விலங்குச் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன.

மனிதரிடம் கிடைத்த சான்றுகளில் மிகத் தெளிவானவை தொழிற்சாலைகளிலிருந்து வந்தவை. 1977-ல் கலிபோர்னியாவின் லாத்ரோப் நகரில் டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லியைத் தயாரித்த தொழிலாளர்கள், தங்களில் பலருக்குக் குழந்தையே பிறக்கவில்லை என்பதைப் பேச்சுவாக்கில் கவனித்தார்கள். சோதித்தபோது பலருடைய விந்தில் அணுக்களே இல்லை. சீனாவில் பிஸ்பினால்-ஏ ஆலைகளில் வேலை செய்த ஆண்களைப் பற்றிய ஆய்வு 2009-ல் வெளிவந்தது. மற்றத் தொழிலாளர்களோடு ஒப்பிட்டால், அவர்களுக்கு விறைப்புக் கோளாறு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கும், விந்து வெளியேறுவதில் சிக்கல் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கும் அதிகம். ஆனால் அவர்கள் சுவாசித்ததும் தொட்டதும் ஆலைத் தூசி. டின் மீன் சாப்பிடும் ஒருவரின் உடலில் சேர்வது அதில் மிகச் சிறு பங்கு. கைப்பேசிக் காணொளிகளில் 4 மடங்கு வருகிறது. ஆலைத் தூசி வருவதில்லை.

விந்தணு எண்ணிக்கை குறைந்துவருவதாகச் சொல்லும் ஆய்வையும் பலர் கேட்டிருப்பார்கள். ஹகாய் லெவினும் ஷானா ஸ்வானும் 2017-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு, மேற்கு நாடுகளில் 1973 முதல் 2011 வரை விந்தணு அடர்த்தி பாதிக்கு மேல் குறைந்ததாகக் கணக்கிட்டது. 2022-ல் ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகியவற்றையும் சேர்த்துச் செய்த கணக்கும் அதே திசையைக் காட்டியது. எண்ணும் முறை காலப்போக்கில் மாறியிருக்கிறது, சோதனைக்கு வந்தவர்கள் ஒரே மாதிரியானவர்கள் இல்லை என்று இதை எதிர்ப்பவர்களும் வலுவாகவே வாதிடுகிறார்கள். குறைந்தது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அதில் வேதிப்பொருளின் பங்கு எவ்வளவு, உடல் பருமன், புகை, உட்கார்ந்த வாழ்க்கை ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்று அந்தக் கணக்கு பிரித்துச் சொல்லவில்லை.

அரசுகளின் முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. பிஸ்பினால்-ஏ உள்ள பால்புட்டிகளை மலேசியா 2012 மார்ச்சில் தடை செய்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல், ஒருவர் உடலில் நாள்தோறும் சேரலாம் என்று முன்பு சொன்ன அளவை 20,000 மடங்கு குறைத்தது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அதை ஏற்காமல், அதைவிட 1,000 மடங்கு தளர்வான அளவைச் சொன்னது. ஆயினும் ஐரோப்பிய ஒன்றியம் உணவோடு தொடர்புள்ள பொருள்களில் பிஸ்பினால்-ஏவைத் தடை செய்ய 2024 இறுதியில் முடிவெடுத்துவிட்டது. நிபுணர்களுக்குள்ளேயே இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, செலவில்லாமல் தவிர்க்க முடிந்ததைத் தவிர்ப்பதும், செலவு பிடிப்பதை யோசித்துச் செய்வதும்தான் விவேகம்.

சமையலறையை மாற்றும் வழி

இந்த வழிக்குப் பெரிய சாதகம் ஒன்று உண்டு. பிஸ்பினால்-ஏவும் தாலேட்டுகளும் உடலில் தங்குவதில்லை; பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் போய்விடும். நாம்தான் தினமும் புதிதாக உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் ஐந்து குடும்பங்களுக்கு மூன்று நாள், டின்னும் நெகிழியும் படாத புதுச் சமையலைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011-ல் வந்தது. சிறுநீரில் பிஸ்பினால்-ஏ மூன்றில் இரு பங்கு குறைந்தது. முக்கியமான தாலேட் ஒன்றின் எச்சங்கள் பாதிக்கு மேல் குறைந்தன.

அதற்காகச் சமையலறையைத் தலைகீழாகப் புரட்டினால் பலன் உறுதி என்று நினைக்கவேண்டாம். இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகம் 2018-ல் பதின்ம வயதினரை ஒரு வாரம் தாங்களாகவே பிஸ்பினால்-ஏவைத் தவிர்க்கச் சொல்லிப் பார்த்தது. மொத்தத்தில் அளவு குறையவே இல்லை. பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதை வைத்துக்கொண்டு தவிர்க்க முடியாத அளவுக்கு அது கலந்து கிடக்கிறது. சியாட்டிலில் 2013-ல் நடந்த ஆய்வு நம் வீட்டுக்கு இன்னும் நெருக்கமானது. புதிய காய்கறிகள், நெகிழி படாத சமையல் என்று பார்த்துப் பார்த்து உணவு கொடுத்த குடும்பங்களில் தாலேட் அளவு பல மடங்கு ஏறிவிட்டது. தேடிப் பார்த்தால், அந்தச் சமையலில் சேர்த்த மல்லித்தூளில் தாலேட் மிக அதிகமாக இருந்தது. பாலிலும் இருந்தது.

நாம் மல்லித்தூளைக் கரண்டி கரண்டியாகப் போடுகிறவர்கள். எல்லா மல்லித்தூளும் அப்படித்தான் இருக்கும் என்று அந்த ஒரு பொட்டலத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் முழு மல்லியாக வாங்கி, வறுத்து, வீட்டிலேயே அரைத்துக் கண்ணாடி ஜாடியில் வைப்பதற்குச் செலவு கூடுவதில்லை. குழம்பும் மணக்கிறது. அம்மாமார்கள் செய்துவந்ததுதானே!

என் அனுபவத்தில், மாற்றம் தொடங்க வேண்டிய இடம் டப்பா அலமாரி இல்லை, பொட்டலச் சாப்பாடு. மாலையில் ஒட்டுக்கடையில் தே தாரிக் கட்டிக் கொடுப்பதைப் பாருங்கள். ஆற்றிய தேநீர், நுரை அடங்கும் முன்பே மெல்லிய பைக்குள் இறங்குகிறது. பை உப்பி, கை வைக்க முடியாத சூட்டில் பளபளக்கிறது. மேலே சிவப்புக் கயிற்றில் ஒரு சுருக்கு, ஓரத்தில் ஒரு உறிஞ்சுகுழல். அது மோட்டார்சைக்கிள் கைப்பிடியில் தொங்கிக்கொண்டே வீடுவரை போகிறது. பக்கத்து நாசி கண்டார் கடையில் எண்ணெய் மிதக்கும் குழம்பும் அதே மாதிரிப் பையில்தான் ஏறுகிறது. சூடு, எண்ணெய், நேரம்: நெகிழியிலிருந்து எதுவும் உணவுக்குள் இறங்குவதற்கு இந்த மூன்றும் போதும்.

நியாயமாகச் சொன்னால், அந்த மெல்லிய பைகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். பிஸ்பினால்-ஏ இவற்றின் மூலப்பொருள் இல்லை. ஆனால் டப்ளின் டிரினிட்டி கல்லூரி 2020-ல் பாலிபுரோப்பிலீன் பால்புட்டிகளில் 70 டிகிரி நீரை ஊற்றிக் குலுக்கிப் பார்த்தபோது லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் வரை நுண்துகள்கள் உதிர்ந்தன. அந்தத் துகள்கள் ஆணின் உடலில் என்ன செய்கின்றன என்பது இன்னும் தீராத கேள்வி. 2024-ல் மனித விரைத்திசு மாதிரிகளில் நுண்நெகிழி இருப்பதாக நியூ மெக்சிகோ பல்கலைக்கழகக் குழு சொன்னது. அது இருந்தது என்பதற்கான சான்றுதான், நோய் தந்தது என்பதற்கானது இல்லை. எது எப்படி இருந்தாலும், மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் ஒன்றும், மூடியுள்ள எவர்சில்வர் குவளை ஒன்றும் வாங்கச் சில பத்து வெள்ளிகள் போதும், பல வருடம் உழைக்கும். நாசி கண்டார் கடையில் அதை நீட்டினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. குழம்பு கொஞ்சம் கூடுதலாகவே விழுகிறது. பழுப்புத் தாளில் கட்டினால் நல்லதுதானே என்பவர்கள் அந்தத் தாளின் உட்பக்கத்தை நகத்தால் உரசிப் பார்க்கட்டும். மெல்லிய நெகிழிப் படலம் உரிந்து வரும். வாழையிலை வைத்துக் கட்டினால் அது வேறு கதை.

அடுத்தது டின். ஹார்வர்டு ஆய்வு ஒன்றில் ஐந்து நாள் தினமும் டின் சூப் குடித்தவர்களின் சிறுநீரில் பிஸ்பினால்-ஏ, புதிய சூப் குடித்தபோது இருந்ததைவிட 10 மடங்குக்கு மேல் கூடியிருந்தது. தக்காளிச் சாற்றில் ஊறும் டின் மீன் வாரத்தில் பல நாள் மேசைக்கு வருகிறது என்றால், அதைக் குறைப்பது பத்து டப்பாக்களைத் தூக்கி எறிவதைவிடப் பெரிய வேலை செய்யும். அலுவலகங்களில் கவிழ்த்து வைக்கும் பெரிய தண்ணீர்க் குடுவையின் அடியில் 7 என்ற எண் இருந்தால் அது பாலிகார்பனேட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். வெயிலில் லாரியில் கிடந்து வந்த பழைய குடுவை என்றால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் குடுவையில் தண்ணீர் கொண்டுபோங்கள். ஒட்டாத சட்டி உரிந்து போயிருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் அதற்காக இன்று பணம் செலவழிக்க வேண்டாம். சோயா பாலைப் பற்றிப் பயப்படவே வேண்டாம். ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனை அது குறைப்பதில்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வுகள் சொல்லிவிட்டன.

'பிபிஏ இல்லாதது', தண்ணீர் வடிகட்டி

இரண்டையும் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பிஸ்பினால்-ஏவை எடுத்துவிட்டுப் பல இடங்களில் போட்டது அதன் உடன்பிறப்புகளான பிஸ்பினால்-எஸ், பிஸ்பினால்-எஃப். ஆய்வுக்கூடத்தில் இவையும் ஹார்மோனோடு விளையாடுகின்றன. பழைய நெகிழியைக் கொடுத்துப் புதிய நெகிழியை வாங்க நூறு வெள்ளியைச் செலவழிக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

வடிகட்டி விற்பவர் வீட்டுக்கே வந்து குழாய்த் தண்ணீரில் மின்கம்பி விட்டுப் பழுப்பாக்கிக் காட்டுவார். அந்தப் பழுப்புக்கும் ஹார்மோனுக்கும் சம்பந்தம் கிடையாது. லாங்காட் ஆற்றுப் பகுதியின் நீரில் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய வேதிப்பொருள்களைக் கண்டது உண்மை. ஆனால் குழாய்க்கு வரும்போது இருந்தது நானோகிராம் கணக்கில். நல்ல கரி வடிகட்டி அதையும் கொஞ்சம் குறைக்கும். வீட்டுக்கு வெளியே மாட்டும் மணல் வடிகட்டி சேற்றை மட்டும்தான் பிடிக்கும். மாதாமாதம் தவணை கட்டி ஐந்து வருடம் மாட்டிக்கொள்வதற்கு ஆண்மை ஒரு காரணமாகாது. தண்ணீரின் சுவைக்காக வாங்குகிறவர்கள் வாங்கிக்கொள்ளட்டும்.

மாத்திரையும் ஊசியும்

இதைத்தான் நான் அன்றாடம் பார்க்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் ஒருநாள் இணையத்தில் வாங்கிய சில கோப்பிப் பொட்டலங்களைக் கொண்டுவந்து காட்டினார். "தம்பி, இது மூலிகைதானே? குடித்த அன்றைக்கே நல்ல பலன் தெரிந்தது" என்றார். "ஐயா, அன்றைக்கே பலன் தெரிந்ததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைக்கிறீர்களா?" என்று கேட்டேன். வைக்கிறேன் என்றார்.

தொங்காட் அலி வேர் நம் நாட்டின் பழைய மருந்து. அது டெஸ்டோஸ்டிரோனை ஓரளவு கூட்டக்கூடும் என்று சில சிறிய ஆய்வுகள் உண்டு. ஒரு மணி நேரத்தில் விறைப்பைத் தரும் வேலையை எந்த வேரும் செய்யாது. அதைச் செய்வது சில்டெனாஃபில், தடாலாஃபில் போன்ற மருந்துகள். பெயரைச் சொல்லாமல் இவற்றைக் கலந்த மூலிகை மாத்திரைகளையும் கோப்பிகளையும் சுகாதார அமைச்சு வருடக்கணக்காகப் பிடித்துவருகிறது. நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரையோடு இவை சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு விழும், உயிரே போகலாம். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பெட்டியில் 'MAL' என்று தொடங்கி, பாரம்பரிய மருந்தாக இருந்தால் எண்களுக்குப் பின் 'T' எழுத்து வரும் பதிவு எண்ணையும் ஹோலோகிராம் பட்டையையும் பாருங்கள். எண்ணை தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கோப்பிக்கு அந்த எண்ணும் கிடையாது; உணவு என்ற பெயரில் வருவதால் அங்கேதான் ஏமாற்று அதிகம்.

டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் பற்றி ஒன்றைத் தெரியாமல் முடிவெடுக்கும் கணவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தவுடன், போதும் என்று மூளை விரைகளுக்குக் கொடுக்கும் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி சரியும். ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகவே உலக சுகாதார நிறுவனம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. நிறுத்திய பிறகு பழைய நிலைக்குத் திரும்ப மாதங்கள் ஆகலாம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். குழந்தைக்காகக் காத்திருக்கும் வீட்டில் இந்த ஊசிக்கு இடமே இல்லை. உண்மையிலேயே குறைபாடு உள்ளவர்களுக்கு இது நல்ல மருந்து. ஆனால் குறைபாடு என்று சொல்ல, காலை வேளையில் எடுத்த ரத்தத்தில் இரண்டு தனித்தனி நாள்களில் அளவு குறைவாக இருக்கவேண்டும், அறிகுறியும் இருக்கவேண்டும்.

ரத்தச் சோதனை

விறைப்பு என்பது முதலில் ரத்த ஓட்டம். ஆணுறுப்பின் தமனி 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம். இதயத்துக்குப் போகும் தமனி 3 முதல் 4 மில்லிமீட்டர். சர்க்கரையும் கொழுப்பும் அழுத்தமும் குழாய்களைக் கெடுக்கும்போது சிறியது முதலில் அடைபடுகிறது. அதனால்தான் மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே விறைப்புக் கோளாறு தலைகாட்டுவதை மருத்துவர்கள் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். இனிப்புநீர் உள்ள ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்தக் கோளாறு இருக்கிறது.

இப்போது நம் சமூகத்தைப் பாருங்கள். 2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களில் அது ஏறத்தாழ 31 விழுக்காடு, அதாவது மூன்றில் ஒருவரை நெருங்குகிறது. அவர்களில் பலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. நெகிழியைப் பற்றி நான் படித்த எந்த ஆய்விலும், சாதாரணமாக வாழும் ஓர் ஆணுக்கு இந்த அளவு பாதிப்பு காட்டப்படவில்லை. இதைப் படிக்கும் தமிழர்கள் நினைவில் வைக்கவேண்டும் என்று நான் கெஞ்சிக் கேட்கும் ஒரே எண் அந்த 31 விழுக்காடுதான்.

தூக்கத்தின் கணக்கும் அப்படியே. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2011-ல் நல்ல ஆரோக்கியமுள்ள இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவைத்தார்கள். பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 விழுக்காடு இறங்கியது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் முடித்து, காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, வெளிச்சத்தில் அரைகுறையாகத் தூங்கி எழும் ஆண்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவர் டப்பாவைக் குறைசொல்வதற்கு முன் ஜன்னலுக்குக் கனமான திரை மாட்டிப் பார்க்கலாம். தொப்பையும் சும்மா இருப்பதில்லை. கொழுப்புத் திசுவில் உள்ள ஒரு நொதி ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது; எடையைக் குறைத்தால் டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறது. புகை, ரத்தக் குழாயையும் விந்தணுவையும் சேர்த்தே கெடுக்கிறது. சில ரத்த அழுத்த மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும் ஆசையையோ விறைப்பையோ குறைக்கும். தாங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொன்னால் வேறு மருந்து கொடுப்பார்.

செலவு? அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. 40 வயதைக் கடந்த, குறைந்த வருமானம் உள்ள பி40 பிரிவினருக்கு 'பெக்கா பி40' திட்டத்தில் உடல் பரிசோதனை இலவசம். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் சந்தா கட்டும் 40 வயதினருக்கும் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது. வரிசையில் நிற்க ஒரு காலைப்பொழுது போகும், அவ்வளவுதான். வெட்கம்தான் பெரிய தடை என்று தெரியும். "சர்க்கரை பார்க்க வந்தேன்" என்று தொடங்குங்கள். மருத்துவரின் அறைக் கதவு சாத்திய பிறகு மற்றதைச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகவே என் கணக்கு இது. முதலில் சர்க்கரை, அழுத்தம், கொழுப்புச் சோதனை. அன்றே சூடான பொட்டலச் சாப்பாட்டை நிறுத்தி டிபன் கேரியர். பிறகு டின்னைக் குறைத்தல், முழு மல்லி. மிஞ்சும் பணத்தைப் பத்திரப்படுத்துங்கள். குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் அதை விந்துப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளலாம். சோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேற்றாமல் இருக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அளவுகோலில் மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் என்பது கீழ்வரம்பு. ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆவதால், எந்த மாற்றத்தைச் செய்தாலும் மூன்று மாதம் கழித்தே மறுசோதனைக்குப் பொருளுண்டு. மனைவியும் கூடவே சோதித்துக்கொள்ளட்டும். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் இதற்கென்றே கிளினிக் நடத்துகிறது.

வரிசை மாறும் இரண்டு வீடுகள்

முதலாவது, வேலையிலேயே வேதிப்பொருளோடு புழங்குபவரின் வீடு. தோட்டத்தில் மருந்தடிப்பவர், பிவிசி உருக்குபவர், கரைப்பானில் கை நனைப்பவர் இவர்கள். பாராகுவாட்டை 2020-ல் நாடு முழுவதும் தடை செய்தாகிவிட்டது. மற்ற மருந்துகள் தொட்டியில் இருக்கத்தான் செய்கின்றன. பூச்சிமருந்துக்கு எதிராகப் பல பத்தாண்டுகளாகக் குரல் கொடுத்துவரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நம் ஊரிலேயே இருக்கிறது. முதலாளி பாதுகாப்பு உடை தரவில்லை என்றால் அங்கே போய்ச் சொல்லலாம். இவர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும், வேலைத்துணியைத் தனியாகத் துவைப்பதும் டிபன் கேரியருக்கு முன்னால் வரும். கல்லாவில் நாள் முழுதும் ரசீது கிழிப்பவர்கள், கிருமிநாசினித் திரவம் தடவிய ஈரக்கையோடு ரசீதைத் தொடாமல் இருந்தால் போதும். ஈரக்கையில்தான் அந்தப் பூச்சு அதிகம் ஏறுகிறது.

இரண்டாவது, மனைவி கருவுற்றிருக்கும் வீடு. கருவில் இருப்பது ஆண் குழந்தை என்றால், ஏறத்தாழ 8 முதல் 14 வாரம் வரை அதன் விரைகள் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன்தான் பிற்காலத்து ஆண் உறுப்புகளை வடிவமைக்கிறது. தாலேட் தலையிட்டால் மிக மோசமான நேரம் அதுவே. ஷானா ஸ்வான் குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தில் தாலேட் அளவு கூடுதலாக இருந்த தாய்மாரின் மகன்களுக்கு ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட தூரம் குறைவாக இருந்தது. கருவில் ஆண் ஹார்மோன் குறைந்ததன் அடையாளம் அது. முப்பத்தெட்டு வயது ஆணின் உடலுக்கு வேதிப்பொருள் பல காரணங்களில் ஒன்று. கருவிலிருக்கும் மகனுக்கு அந்தச் சில வாரங்களைத் திரும்பப் பெறவே முடியாது. அந்த வாரங்கள் முடிந்த பிறகுதான் குழந்தை ஆணா பெண்ணா என்பதே பெரும்பாலும் ஸ்கேனில் தெரியவரும். அதனால் கரு உறுதியான நாளிலிருந்தே தொடங்கவேண்டும். அந்த வீட்டில் அன்றைக்கே பொட்டலக் குழம்பையும் டின்னையும் நிறுத்துங்கள், மணம் தூக்கும் வாசனைத் திரவியத்தை அலமாரியில் பூட்டுங்கள். அப்பாவின் சர்க்கரைச் சோதனை அடுத்த வாரம் நடந்தால் போதும்.